கடல் விட்ட நேரத்தில் பந்து

உதைபந்தாட்டப் பயிற்றுநர் என்பவர் மற்றவர்களுடைய கால்களால் தோற்கிற மனிதர். வென்றால் பொடியன்கள் வென்றார்கள், தோற்றால் கோச் தோற்றார். ஊர்க் கழகம் ஒன்றில் செயலாளராகவோ, தெரிவுக் குழுவில் மூலைக் கதிரைக்காரராகவோ ஒரு வருசம் இருந்திருந்தாலும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த வசவெல்லாம் நீங்களும் வாங்கியவர்கள்தான்.

நான் கொழும்பில் ஒரு திணைக்கள அணிக்கு நாலு வருசம் சம்பளத்துக்கு விளையாடினவன். பதிவேட்டில் எழுதுவினைஞர். மேசைப் பக்கம் போனது சம்பள நாளில் மட்டும். வலது முழங்கால் போனபிறகு மேசை மட்டும்தான் மிஞ்சியது. அதையும் விட்டுவிட்டு, சமாதானம் என்று யாழ்ப்பாணப் பாதை திறந்த வருசம், ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடற்கரை ஊருக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் ஊர்க் கழகம் என்னைப் பயிற்றுநர் ஆக்கியது. அந்த வேலையை வேறு ஒருவரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஓட்டம்

கொழும்பில் என்னைப் பழக்கியவர் முதல் வேலையாக மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவார். எனக்கும் அதுதான் தெரியும். பின்னேரம் நாலு மணிக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேருடைய காற்சட்டையில் மீன் செதில் இன்னும் காயவில்லை. நான் விசில் அடித்து ஓடச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் கோல் காப்பாளர் மரியதாஸ் அண்ணை நடக்கத் தொடங்கினார். முப்பத்தைந்து வயது, அணியில் மூத்தவர், இரண்டு கையும் துடுப்பு மாதிரி. அவர் நடப்பதைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள்.

நான் இன்னொரு முறை விசில் அடித்தேன். கொழும்பில் அந்தச் சத்தத்துக்கு ஆட்கள் பயப்படுவார்கள். மரியதாஸ் அண்ணை பயப்படாமல் நேரே என்னிடம் வந்தார். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி கோச், ஓடுறது எங்களுக்குப் புதுசில்லை. தொண்ணூறிலயிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிக்கொண்டுதானே இருக்கிறம். நீர் பந்தைக் காட்டும்."

சம்மாட்டியாரின் மருமகன்

எங்கள் அணியைத் தெரிவு செய்தவர்கள் மூன்று பேர்: நான், காற்று, சம்மாட்டியார். ஊரில் வள்ளமும் வலையும் கூடுதலாக வைத்திருந்த பெரியவரைத்தான் சம்மாட்டியார் என்போம். கழகத் தலைவரும் அவரே. அணியில் பாதிப் பேர் அவருடைய வள்ளங்களில் தொழிலுக்குப் போகிறவர்கள். காற்று எழும்பினால் பயிற்சிக்கு ஆட்கள் வருவார்கள். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தால் நானும் பந்தும்தான்.

அவருக்கு அருள் என்று ஒரு மருமகன். நல்ல பிள்ளை. பந்து தன்னை நோக்கி வந்தால் பெரியவருக்கு வழிவிடுகிற மாதிரி மரியாதையாக ஒதுங்கி நிற்பார். அவரை நான் முதல் பதினொரு பேரில் போடவில்லை. சம்மாட்டியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆட்டம் சனிக்கிழமை. அன்றைக்கு வந்து பார்த்தால் என் பின்வரிசையில் இரண்டு பேரும் நடுவரிசையில் ஒருவரும் இல்லை. மூவரும் அவருடைய வள்ளத்தில் கடலில் நின்றார்கள். அருள் உட்பட மாற்று ஆட்களும் தொழிலுக்குப் போயிருந்ததால் எட்டுப் பேரோடு ஆடி நாலு கோல் வாங்கினோம். பொழுதுபட முதல் அவர் வீட்டுக்கு நியாயம் கேட்கப் போனேன். தேத்தண்ணி தந்து, நான் குடித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உம்மட அணியில என்ர மருமகனுக்கு இடமில்லாமல் போனதுக்கு நான் ஏதும் சொன்னனானோ? என்ர வள்ளத்தில உம்மட மூண்டு பேருக்கும் இடமிருந்துது, ஏத்தி விட்டனான்."

வலை

அடுத்த ஆட்டத்திலிருந்து அருள் இடது பக்கத்தில் விளையாடினார். அதாவது, இடது பக்கத்தில் நின்றார். அதனால் பந்து அதிகமாக மரியதாஸ் அண்ணையிடம் போகத் தொடங்கியது.

கனடாவிலுள்ள எங்கள் ஊரவர்கள் கோல் கம்பங்களுக்குப் புது நைலோன் வலை அனுப்பியிருந்தார்கள். அது கட்டிய முதல் நாள், தூரத்திலிருந்து சும்மா தட்டிவிட்ட ஒரு பந்து உருண்டு உருண்டு மரியதாஸ் அண்ணையின் காலடியால் உள்ளே போனது. அவர் குனியக்கூட இல்லை. திரும்பி, வலைக்குள் கிடந்த பந்தை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலையைக் கையில் தூக்கி, கண் கண்ணாக விரலால் அளந்து பார்த்தார். எதிரணி கொண்டாடி முடித்து நடுக்கோட்டுக்குப் போனபிறகும் அவர் வலையை விடவில்லை.

இடைவேளையில் நான் அவரைப் பக்கத்தில் இருத்தி, என்ன யோசித்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "கோவியாதையும் தம்பி. பிறந்ததிலயிருந்து வலைக்குள்ள ஒண்டு வந்து விழுந்தாச் சந்தோசப்பட்டுத்தான் பழக்கம். கவலைப்பட இன்னும் பழகேல்லை."

இரண்டு நேர்த்தி

எங்கள் அணித் தலைவர் குகன் வேலணைத் தோட்டக்காரக் குடும்பம். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்ததால் எங்களுக்கு விளையாடினார். முக்கியமான ஆட்டங்களுக்கு முதல் மற்றவர்கள் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். குகன் வேலணையிலிருந்து வரும் வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துவிட்டு வருவார். இரண்டு பக்கப் பாதுகாப்போடும் இறங்கிய ஓர் ஆட்டத்தில் அஞ்சு கோல் வாங்கினோம்.

எல்லாரும் ட்ராக்டர் பெட்டியில் ஏறி வீடு திரும்பினோம். பாதித் தூரத்தில் குகன் என் காதுக்குள் சொன்னார்: "ரெண்டு இடத்திலயும் சொல்லி வைச்சதுதான் பிழை கோச். அவர் பாப்பார் எண்டு இவர் விட்டிட்டார், இவர் பாப்பார் எண்டு அவர் விட்டிட்டார்."

நெடுந்தீவில் விட்டுவந்த பெனால்டி

நெடுந்தீவு அணியோடு அவர்களுடைய மைதானத்தில் ஆட்டம். குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறினோம். கடல் கொஞ்சம் அடித்தது. எங்கள் கடல்காரர் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். குகன் மட்டும் லோஞ்ச் தட்டில் படுத்து, தன் தோட்டத்துப் புகையிலையையும் மிளகாயையும் நினைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இறங்கியபிறகும் தரை ஆடுவதாகச் சொன்னார். அவர் ஆடாமல் நிற்க இடைவேளை வந்துவிட்டது.

மைதானத்தில் மூன்று குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஓரமாக்கிவிட்டு ஆட்டம் தொடங்கவே அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிசம் இருக்கையில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் முன்வரிசைக்காரன் நிக்சன் பந்தைப் புள்ளியில் வைத்துப் பின்னுக்கு நடந்தான். அந்த நேரம் பார்த்து இறங்குதுறையில் லோஞ்ச் ஊதியது. அன்றைக்கு அதுதான் கடைசி. மத்தியஸ்தர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்தவர். அவர் பந்தைப் பார்த்தார், துறையைப் பார்த்தார், தன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆட்டம் முடிந்தது என்று நீளமாக ஊதிவிட்டு முதல் ஆளாக ஓடினார். சப்பாத்தும் கழற்றாமல் நாங்கள் அவருக்குப் பின்னால் ஓடினோம். கடல் நடுவில்தான் பந்தை விட்டுவந்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் காலை குறிகட்டுவானில் போய் நின்றேன். லோஞ்ச் ஓட்டுகிறவர் உரப்பையில் கட்டிய பந்தை என் கையில் தந்தார். "பந்தைத் தந்து விட்டவை. பெனால்டி அங்கதான் இருக்காம், ஆறுதலா வந்து அடிக்கட்டாம்."

கோயில் மதிலுக்குப் பின்னால்

நிக்சனுக்கு இருபது வயது. தகப்பன் இல்லை. தாய் பிலோமினா அக்கா சந்தையில் மீன் விற்று வளர்த்த பிள்ளை. அவனுடைய இடது காலைப் போல ஒரு காலை நான் கொழும்பிலும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்து நிமிசத்துக்கு முன்னால் ஆள் மறைந்துவிடுவான். ஒருநாள் தேடிப் போனேன். கோயில் மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டான்.

நான் அவனுக்குப் பக்கத்தில் குந்தினேன். யாருக்கும் சொல்லாத ஒன்றை அவனுக்குச் சொன்னேன். நானும் அப்படித்தான். கொழும்பில் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சத்தி எடுப்பேன், வெளியே கேட்காமல் இருக்க. எதிரணிக்கு நான் பயந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் பலகையில் ஒட்டுகிற பெயர்ப் பட்டியலுக்குத்தான் பயம். அதைக் கீழிருந்துதான் வாசிப்பேன். மாற்று ஆட்களில் என் பெயர் இல்லையென்றால்தான் மேலே பார்க்கத் துணிவு வரும். முழங்கால் வீங்கியபோது நீளக் காலுறையால் மறைத்து இரண்டு மாதம் விளையாடினேன். பயிற்றுநர் கண்டுபிடித்துக் கேட்டபோது நுளம்பு கடித்தது என்றேன். என் தொழிலை முடித்தது அந்த நுளம்புதான்.

இதையெல்லாம் கேட்டால் பொடியனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப சம்பளம் தந்தாலும் சத்தி நிக்காதோ அண்ணை? பிறகேன் கொழும்புக்குப் போறது, எனக்கு இந்த மதிலே காணும்."

கொமினிக்கேசன் கடை

நான் வந்த மூன்றாம் வருசம் எப்படியோ ஒரு சுற்றுப்போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். யாழ்ப்பாண நகரத்து அணியோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். புதன்கிழமை, ஊரில் தொலைபேசி இருந்த கொமினிக்கேசன் கடைக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. கொழும்பிலிருந்து என் பழைய பயிற்றுநர். நிக்சனைப் பற்றி நான்தான் அவருக்கு முன்பு எழுதியிருந்தேன். இப்போது அணியில் ஓர் இடம் இருக்கிறது, பொடியனைச் சனிக்கிழமை தெரிவுக்கு அனுப்பு என்றார். ஓம் என்று சொல்லி வைத்தேன்.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிலோமினா அக்கா வீட்டுக்கு இடது பக்கம் போகவேணும். நான் வலது பக்கம் போனேன். ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை சொல்லலாம், கொழும்பு எங்கேயும் ஓடிப்போகாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். வியாழன் பயிற்சியில் அவன் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. என் இருபது வயதில் யாராவது எனக்கு இதைச் செய்திருந்தால் அந்த ஆளை நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியும். தெரிந்தும் சனிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயும் மகனும் முற்றத்தில் நின்றார்கள். மரியதாஸ் அண்ணையும் அங்கே வாங்கில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் அதிரவில்லை. கொமினிக்கேசன் கடைக்காரர் புதன்கிழமையே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். நிக்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். நீங்கள் சொல்லாமல் நான் எப்படிக் கேட்கிறது என்றான். பிலோமினா அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இரும் தம்பி. நீர் எப்ப வாய் திறப்பீர் எண்டுதான் நாலு நாளாப் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். மரியதாஸ் ஞாயிற்றுக்கிழமை எண்டவன். நான் ஒருநாளும் சொல்லமாட்டீர் எண்டனான்."

முதுகு

அன்றைக்குப் பின்னேரம் எங்கள் மைதானத்திலேயே விளையாடினோம். அணிக்கு உற்சாகமாக ஏதாவது சொல்கிற வேலையை நான் எடுக்கவில்லை. குகன்தான் கதைத்தார். நிக்சன் மதிலுக்குப் பின்னால் போய்விட்டு வந்து, ஒரு நாளும் ஓடாத ஓட்டம் ஓடினான். நகரத்து அணி அவனுக்கு மூன்று பேரைக் காவல் போட்டது. கோல் ஒன்றும் விழவில்லை. முடிகிற நேரம் மூலையிலிருந்து வந்த பந்தை அவன் இடது காலால் அறைந்தான். அந்தப் பந்துக்குப் பயந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற அருளின் முதுகில் பட்டு, திசை மாறி, அது உள்ளே போனது. அருளுக்குத் தான் கோல் அடித்தது எல்லாரும் வந்து கட்டிப்பிடித்தபிறகுதான் தெரிந்தது.

கிண்ணத்தைக் கையில் வாங்கிய சம்மாட்டியார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெல்லிய குரலில் சொன்னார்: "உமக்கு ஆக்களின்ர முன்பக்கத்தைப் பாத்துத்தான் தெரிவு செய்யத் தெரியும் தம்பி. நான் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் மகளைக் குடுத்தனான்."

மெத்தைக் கதிரை

திங்கட்கிழமை கொழும்புக்கு எடுத்து நானே பிழையை ஒத்துக்கொண்டேன். பழைய பயிற்றுநர் என்னை ஏசினார். இடம் நிரம்பிவிட்டது, விருப்பமென்றால் மாற்று ஆளாக வரட்டும் என்றார். நிக்சன் போனான். ஒரு வருசத்துக்கு மேல் ஓரத்தில் இருந்தான். இடையிடையே அழைப்பான். இங்கே இருக்கிற கதிரை நல்ல மெத்தைக் கதிரை, ஆனால் எழும்ப விடுகிறார்கள் இல்லை என்று பகிடி விடுவான். சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நித்திரை வராது.

பிறகு ஒருவருக்குக் கால் முறிய, அவனுக்கு இடம் கிடைத்தது. மற்றவருடைய முறிந்த காலில்தான் நம் தொழில் முளைக்கிறது, இதை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்த ஏலாது. அவன் நன்றாக விளையாடினான். பத்திரிகையில் பெயர் வந்தது, கொஞ்சம் பிழையான எழுத்தோடு. அந்த நேரத்தில்தான் மறுபடி பாதை பூட்டப்பட்டது. கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்றவன் மூன்று கிறிஸ்மஸ் வரவில்லை. ஒருமுறை தொலைபேசியில் அந்தப் புதன்கிழமைக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னான்: "அதை விடுங்கோ அண்ணை. போயிருந்தா அந்த நாலு நாளும் அம்மாவோட இருந்திருக்கமாட்டன். அதுக்குப் பிறகு இவ்வளவு காலம் காணாமல் இருக்கவேண்டி வருமெண்டு ஆருக்குத் தெரியும்."

முழு வரவு

பாதை பூட்டப்பட மூன்று மாதத்துக்கு முதல், பக்கத்து அல்லைப்பிட்டியில் வீடு புகுந்து ஆட்களைச் சுட்டுக்கொன்ற கிழமை எங்கள் ஊரிலும் வீடு வீடாய்ப் பூட்டு விழுந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தேவாலய வளவுக்குள் வந்து சேர்ந்தோம். குகன் குடும்பத்தோடு வவுனியாவில் நின்றார். அருள் மனைவி பிள்ளைகளோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் பாய்களுக்கு நடுவில் கயிறு கட்டி, சீலை தொங்கவிட்டு இருந்தோம். கடலுக்குப் போகத் தடை. பின்னேரம் ஊரடங்கு தொடங்க முதல் மூன்று மணியிலிருந்து பந்து அடிக்கலாம் என்று சுவாமியார் அனுமதி தந்தார்.

பயிற்றுநர்களே, நீங்கள் கனவில் காண்கிறது எனக்கு அங்கே கிடைத்தது. நாள் தவறாமல் எல்லாரும் வந்தார்கள். மூன்று மணிக்கென்றால் இரண்டரைக்கே வந்தார்கள். சொன்ன சுற்றெல்லாம் ஓடினார்கள். யாரும் வாய் காட்டவில்லை. சம்மாட்டியார் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்ப்பார். இவரைப் போடு, அவரை எடு என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒருமுறையாவது சொல்லமாட்டாரா என்றிருந்தது.

மரியதாஸ் அண்ணை அந்த நாட்களில் ஒரு பந்தையும் விடவில்லை. பாய்ந்து பாய்ந்து பிடித்தார். ஒருநாள் அவரிடம், அண்ணை, இப்போதுதான் நாங்கள் உண்மையான அணி என்றேன். அவர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எல்லாரும் வாறம் எண்டு சந்தோசப்படாதையும் தம்பி. ஒருத்தரும் வராத நாளொண்டு வரவேணும் எண்டு கும்பிடும்."

சனிக்கிழமை

போர் முடிந்த வருசம் ஊருக்குத் திரும்பினோம். மைதானத்தில் பற்றை வளர்ந்திருந்தது. வெட்டிச் சுத்தமாக்கி, கம்பம் நட்டு, பழையபடி பயிற்சி தொடங்கினோம். கொஞ்ச நாளைக்கு எல்லாரும் வந்தார்கள். கடற்படை மெல்ல மெல்லக் கடலுக்குப் போகப் பாஸ் கொடுக்கத் தொடங்கியது. பதின்மூன்று பேர் பத்து ஆனார்கள், பத்து ஏழு ஆனது.

ஒரு சனிக்கிழமை, நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். ஐந்து மணிவரை நின்றேன். காற்று இல்லை. தூரத்தில் வள்ளங்கள் தெரிந்தன. கை தானாக விசிலை எடுத்தது, ஊதவில்லை. பந்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரைப் பாதையால் வந்தேன். பிலோமினா அக்கா கூடையை இறக்கி வைத்து மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நிக்சன் அடுத்த மாதம் லீவில் வருகிறான் என்றார். பிறகு என் சைக்கிளில் இருந்த பந்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு ஓலைப் பையைத் தூக்கித் தந்தார்: "ஒருத்தரும் வரேல்லைத்தானே. எனக்குத் தெரியும். இந்தாரும், நல்ல ஒட்டி மீன், கொண்டுபோய்க் குழம்பு வையும்."

தன் அணியில் ஒருவரும் பயிற்சிக்கு வராததற்காகச் சந்தோசத்தோடு வீடு போன பயிற்றுநர் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன், அப்படி இன்னொருவர் உங்களுக்குள் இருந்தால் திங்கட்கிழமை வாருங்கள், இரண்டு பேருமாய்ப் பந்துக்குக் காற்றடிப்போம்.